தரைக்கு ஆவி பிடிக்கலாமா?

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஒரு தோல் ஆலையின் பாய்லர் அறைக்குள் போனால், பாய்லருக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் உருளை நிற்பதைப் பார்க்கலாம். அதற்குள் பொடிப் பொடியாக ரெசின் மணிகள் நிரப்பியிருக்கும். போர் தண்ணீர் முதலில் அந்த மணிகளுக்கு நடுவே இறங்கி, தன்னிடம் கரைந்திருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அங்கேயே விட்டுவிட்டுத்தான் பாய்லருக்குள் போக வேண்டும். மணிகளின் பிடிப்பு தீர்ந்ததும் உப்புக் கரைசலை விட்டு அலசி மறுபடி தயார்ப்படுத்துவார்கள். பாய்லர் ஆபரேட்டருக்கு இது அன்றாட வேலை. கடின நீரை நேரே உள்ளே விட்டால் குழாய்களில் படிவம் ஏறும். படிவம் ஏறினால் சூடு தண்ணீருக்குப் போகாமல் இரும்பிலேயே தங்கும், கடைசியில் குழாயே வெடித்துப் போகலாம். 25 லிட்டருக்கு மேல் கொள்ளளவு உள்ள நீராவிக் கொதிகலன் என்றால் அரசு ஆய்வாளர் பார்த்துச் சான்று கொடுத்த பிறகே அதை ஓட்ட முடியும்.

அதே ஊரில், அதே போர் தண்ணீர் வரும் வீட்டுக்கு, இப்போது அரை லிட்டர் பாய்லர் ஒன்று அட்டைப் பெட்டியில் வந்து இறங்குகிறது. பெயர் ஸ்டீம் மாப். நீளக் கைப்பிடி, நடுவில் தண்ணீர்த் தொட்டி, அடியில் முக்கோணமாகவோ செவ்வகமாகவோ ஒரு தலை, அதில் ஒட்டிக்கொள்ளும் மைக்ரோஃபைபர் துணி. சுவிட்சைப் போட்டால் அரை நிமிடத்தில் ஆவி வரும், துடைத்துக்கொண்டே போகலாம். வாளி வேண்டாம், பினாயில் வேண்டாம், பிழிய வேண்டாம். இதைப் பார்த்துச் சான்று தர எந்த ஆய்வாளரும் வரமாட்டார். அந்த வேலையை வாங்குகிறவர்தான் செய்ய வேண்டும்.

எந்தக் கம்பெனி, எத்தனை வாட், எவ்வளவு தள்ளுபடி என்று போனில் தேட ஆரம்பிக்குமுன், உங்கள் வீட்டுத் தண்ணீரையும் உங்கள் வீட்டுத் தரையையும் ஒரு முறை பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ஏலகிரி வட்டாரத்தில் இருக்கிறவர்களுக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். இங்கே மெஷினைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர். தரையைக் கெடுப்பது தவறான இடத்தில் பட்ட ஆவி.

குனிந்து துடைத்த முதுகு

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஸ்டீம் மாப் பணக்கார வீட்டு விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இந்தப் பகுதியின் ஷூ கம்பெனிகளில் தையல் மெஷினில் உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, நாள் முழுக்க மேல்தோல் தைத்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வீடு கழுவும் நாள். ஆறு நாள் குனிந்த கழுத்தும் இடுப்பும் ஏழாவது நாளும் குனிய வேண்டும். ஈரத்துணியை இரண்டு கையாலும் பிழிந்து, குத்துக்கால் போட்டுப் பின்னோக்கி நகர்ந்து துடைப்பது எப்படிப்பட்ட வேலை என்று, அதைச் செய்யாதவர்கள்தான் லேசாகப் பேசுவார்கள்.

இந்தக் கருவிக்கு வீட்டுக்குள் இடம் பிடித்துக் கொடுத்தவர்களில் ஒருவரும் அப்படித் துடைத்து அலுத்தவரே. தென் கொரியாவின் கல்வி அமைச்சகத்தில் பணியாற்றியவர் ஹான் கியுங்-ஹீ. கொரியர்களும் நம்மைப் போலச் செருப்பை வாசலில் விடுகிறவர்கள். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, தரையில் பாய் விரித்துப் படுத்த வழக்கம் உள்ளவர்கள். அதனால் தரை சுத்தம் அங்கேயும் பெண்களின் மண்டிக்கால் மேல் விழுந்த வேலை. அவர் 1999ல் நிறுவனம் தொடங்கினார், 2001ல் ஆவியால் துடைக்கும் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். கொரியாவில் அது வீடு வீடாகப் போனது. இன்று அமெரிக்காவின் பிசெல், ஷார்க், ஜெர்மனியின் கார்ச்சர் என்று பல பெயர்களில் கிடைக்கிறது. பெயர் தெரியாத இறக்குமதிச் சரக்கும் ஆன்லைனில் குவிந்து கிடக்கிறது.

ரசாயன வாசனை இல்லாமல் தரை துடைக்க முடியும் என்பது தோல் ஆலை வட்டாரத்தில் வாழ்கிறவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. தவழும் குழந்தை இருக்கும் வீட்டிலும், பினாயில் நெடி பட்டாலே இருமல் வருகிற பெரியவர்கள் இருக்கும் வீட்டிலும் அது பெரிய நிம்மதி.

வற்றவைத்துப் பாருங்கள்

இனி தண்ணீருக்கு வருவோம். கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. ஒரு டம்ளர் போர் தண்ணீரை எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றிச் சிறு தீயில் வையுங்கள். தளபுளவென்று கொதிக்கவிட வேண்டாம், மெதுவாக வற்றட்டும். கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு விழும். தண்ணீர் இறங்க இறங்கக் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு. கடைசியில் அடிப்பகுதி முழுக்கச் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்துக் கிடக்கும். ஆறியதும் ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலோடு கரைந்து வருவது உப்பு. வராமல் சொரசொரப்பாக ஒட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதன் மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும்.

ஸ்டீம் மாப்பின் வயிற்றுக்குள்ளும் இதுவேதான் நடக்கும். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும். கரைந்திருந்ததில் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது அதில் கரைந்திருக்கும் மொத்த உப்பு, லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் என்று வையுங்கள். மாப்பின் தொட்டி 400 மில்லி. ஒரு தொட்டி தீர்ந்தால் 0.4 கிராம் கழிவு. தினம் ஒரு தொட்டி என்றால் மாதத்துக்கு 12 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூன் தூளுப்பு அளவு. அந்த அளவு பொருள், பென்சில் கனம் கூட இல்லாத குழாயிலும் ஊசி முனை போன்ற ஆவித் துளையிலும் உட்கார வேண்டும். முதலில் ஆவி குறையும். பிறகு ஆவிக்குப் பதிலாகச் சுடுதண்ணீர் சொட்டும். அதற்கப்புறம் ஹீட்டர் சூடேறி அறுந்து போகும். வாரண்டிக்கு எடுத்துப் போனால் படிவத்தால் வந்த கோளாறுக்குப் பொறுப்பில்லை என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டுவார்கள்.

குடிநீருக்கான இந்தியத் தரம், ஐ.எஸ். 10500, டி.டி.எஸ். 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு ஆதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை அனுமதிக்கிறது. கடினத்தன்மைக்கு அந்த எண்கள் 200, 600. குடிக்க அனுமதித்த தண்ணீர் என்பதால் மெஷினுக்கும் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டி.டி.எஸ். மீட்டர் காட்டுவது மொத்த உப்பை. கெட்டிப் படிவம் கட்டுவது அதில் பெரும்பாலும் கால்சியமும் மெக்னீசியமும்தான். பாலாற்றங்கரைத் தண்ணீரில் இரண்டுமே தொல்லை. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதன் மேல் உப்பை வாரிப் போட்டுத்தான் ஆலைக்குக் கொண்டுவருவார்கள். ஆலையில் முதல் வேலையே அந்தத் தோலை ஊறவைத்து உப்பைக் கழுவி எடுப்பது. அந்தக் கழுவல் தண்ணீர் பல பத்தாண்டுகள் எங்கே போனது என்பதைப் பாலாற்றுக் கிணறுகள் சொல்லும். சுண்ணாம்பு துளையை அடைக்கும், உப்பின் குளோரைடு உலோகத்தை அரிக்கும்.

இது வெறும் வீட்டுப் பிரச்சினை இல்லை என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றமே எழுதி வைத்திருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி வந்த தீர்ப்பில், தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கு இடம்பெற்றது. திண்டுக்கல் பகுதியின் 13 கிராமங்களில் எடுத்த வேறொரு கணக்கெடுப்பின்படி 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. அதற்கு 28 ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 ஜனவரி 30ஆம் தேதி, நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு மறுபடியும் இந்தப் பாலாற்றுக்காகவே உத்தரவு போட வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுத்து, அதை ஆலைகளிடம் வசூலியுங்கள் என்றது. ஒரு ஸ்டீம் மாப்பை வாங்கும் முன் தண்ணீரைச் சோதிக்கச் சொல்ல வேண்டிய நிலையில் ஓர் ஆற்றங்கரை இருப்பது எனக்கு வலிக்கிறது. பெண்கள் குடத்தோடு நின்ற வரிசைகளுக்கு முன்னால் மெஷின் பழுதாவது ஒன்றுமேயில்லை. ஆனால் காரணம் ஒன்றுதான்.

எந்தத் தண்ணீரை ஊற்றலாம்? வீட்டில் ஆர்.ஓ. இருந்தால் அதன் சுத்த நீரே போதும், ஒரு தடவைக்கு அரை லிட்டர்கூடத் தேவைப்படாது. ஆனால் ஒரு எச்சரிக்கை. ஆர்.ஓ. கழித்துவிடும் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை துடைப்பது நம் வீடுகளில் நல்ல பழக்கமாக வளர்ந்திருக்கிறது. தண்ணீர் வீணாகக் கூடாது என்ற அக்கறை அது. அந்தத் தண்ணீரை மட்டும் தப்பித்தவறியும் ஸ்டீம் மாப்பில் ஊற்றிவிடாதீர்கள். சுத்த நீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. போர் தண்ணீரைவிட அது மோசம்.

இன்வெர்ட்டர் வைத்திருக்கிற வீட்டுக்கு பேட்டரி தண்ணீர் புதிதில்லை. ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையிலும் பெட்ரோல் பங்க்கிலும் கிடைக்கும். லேபிளில் டிஸ்டில்டு அல்லது டிமினரலைஸ்டு வாட்டர் என்று இருக்க வேண்டும். பேட்டரி ஆசிட் கேனும் பக்கத்திலேயே இருக்கக்கூடும், பார்த்து எடுங்கள். காவிரித் தண்ணீர் குழாயில் வருகிற தெருவாக இருந்தால் அதை ஆர்.ஓ.வோடு சரிக்குச் சரி கலந்து ஊற்றலாம். மழைநீர் இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றிலும் நல்லது. 2003ல் தமிழகம் முழுக்க மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. மாடித் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கிறவர்கள் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையைத் துணியில் வடிகட்டி எடுத்தால் ஏறக்குறைய உப்பே இல்லாத நீர் கையில் இருக்கும்.

காவித் தரையும் கடப்பா கல்லும்

பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏலகிரி. வளைவுகளுக்குப் பாரதி, கம்பர், இளங்கோ, பாரி, பேகன் என்று புலவர்கள், வள்ளல்கள் பெயர். மலைமேல் 14 ஊர்கள், கடல்மட்டத்துக்கு சுமார் 1,100 மீட்டர் உயரம். அத்தனை வகைத் தரையையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் இங்கே வரலாம். பழைய வீடுகளில் சாணம் மெழுகிய மண்தரை. அதற்கடுத்த தலைமுறை கட்டிய வீடுகளில் சிவப்பு ஆக்சைடு பூசிய காவித் தரை. அப்புறம் மொசைக், கடப்பா, கிரானைட். இப்போது எழும்புகிற ஹோம்ஸ்டேக்களில் கண்ணாடி போலப் பளபளக்கும் விட்ரிஃபைட் டைல்ஸ். சில காட்டேஜ்களில் மரப்பலகைத் தோற்றம் தரும் லேமினேட். ஸ்டீம் மாப் இவற்றில் எல்லாவற்றுக்கும் ஆகாது.

விட்ரிஃபைட் டைல்ஸ், கிரானைட் போட்ட வீடு என்றால் தயங்காமல் வாங்கலாம். விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சாத ரகம். டைல்ஸுக்கு நடுவே இருக்கும் இணைப்புகள் விரிசல் இல்லாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சிமென்ட் பூச்சு உதிர்ந்த இடுக்கில் ஆவி அடித்தால் ஈரம் அடியில் போய்த் தங்கும். மழைக்காலத்தில் அங்கே கறுப்புக் கோடு விழும்.

காவித் தரைக்கு வேண்டவே வேண்டாம். மெழுகும் எண்ணெயும் தேய்த்துத் தேய்த்து ஏறிய பளபளப்பு அது. வருஷக்கணக்காகப் பாட்டியும் அம்மாவும் கையால் ஏற்றிய மெருகை ஆவி சில வாரங்களில் எடுத்துவிடும். தேங்காய் எண்ணெய் தொட்ட துணியும், பிழிந்த ஈரத்துணியும் போதும். ஆத்தங்குடிக் கல் பதித்த வீட்டுக்கும் இதே பதில்தான். கடப்பாவும் மார்பிளும் சுண்ணாம்பு வகைக் கற்கள். பாலிஷ் நன்றாக இருந்து, சீலர் பூசியிருந்தால் குறைந்த ஆவியில் துடைக்கலாம், ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. மொசைக் புதிதாகப் பாலிஷ் போட்டிருந்தால் சரி, புள்ளி புள்ளியாகத் தேய்ந்து துளை விழுந்திருந்தால் வேண்டாம். லேமினேட் விஷயத்தில் கடைக்காரர் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள். பலகைகளின் விளிம்பு வழியே ஆவி இறங்கினால் உள்ளே இருக்கும் மரத்தூள் அட்டை ஊதிவிடும், ஊதினது மறுபடி இறங்காது. ஒட்டவைத்த வினைல் விரிப்பில் பசை இளகும்.

சந்தேகம் இருந்தால் கட்டிலுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில், ஒரு சாண் இடத்தில் துடைத்துப் பாருங்கள். காய்ந்த பிறகு நிறம் மங்கியிருந்தால் விடை கிடைத்துவிட்டது.

அயர்ன் பாக்ஸ் பிளக்கில் போடாதீர்கள்

நம் வீடுகளில் ஹாலில் இருப்பது 6 ஆம்பியர் பிளக். 1,500 வாட் ஸ்டீம் மாப்பை 230 வோல்ட்டால் வகுத்தால் 6.5 ஆம்பியர் வருகிறது. கொஞ்சம்தானே கூடுதல் என்று தோன்றும். இருபது நிமிடம் தொடர்ந்து இழுத்தால் பழைய பிளக் பாயிண்ட் சூடாகிப் பழுப்பேறும். 1,300 வாட் மெஷின் 5.7 ஆம்பியருக்குள் அடங்கும். பவர் பிளக் சமையலறையில் மட்டுமே இருக்கிற வீட்டுக்கு நான் 1,300 வாட்டையே சிபாரிசு செய்வேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் இழுத்துக்கொண்டே ஈரத்தில் துடைப்பது உயிரோடு விளையாடுவது. ஒயர் ஐந்து மீட்டருக்குக் குறைந்த மெஷினை வாங்க வேண்டாம். மூன்று பின் பிளக், எர்த் சரியாக இருக்கும் பாயிண்ட், மெயின் போர்டில் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இந்த மூன்றும் இல்லாவிட்டால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், மாப் பிறகு வரட்டும்.

மலையில் இன்னொரு சங்கதி. மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்குகிற நேரத்தில் 1,500 வாட் ஹீட்டர் சுமார் 920 வாட் வேலைதான் செய்யும். வெப்பம் வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆவி மெலிந்து துணி நனைந்தபடியே இருக்கும். மெஷின் பழுது என்று நினைத்து அனுப்பிவிடாமல், பகலில் வோல்ட்டேஜ் நன்றாக இருக்கும்போது துடைத்துப் பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் இது ஓடாது. மின்கட்டணமும் கணக்கில் வர வேண்டும். 1,500 வாட்டில் 20 நிமிடம் என்றால் அரை யூனிட். தினம் துடைத்தால் இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். 500 யூனிட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிற வீட்டுக்கு இது சின்னத் தொகையாக முடியாது.

மாடல்களில் இரண்டு ரகம் முக்கியம். ஒன்று, தொட்டியிலிருந்து பம்ப் மூலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை ஹீட்டருக்கு அனுப்பும் நின்றபடி தள்ளும் மாப். நடுவில் தண்ணீர் தீர்ந்தாலும் தொட்டியைக் கழற்றி நிரப்பிக்கொள்ளலாம், ஆவியைக் கூட்டிக் குறைக்கலாம். இன்னொன்று, சக்கரம் வைத்த பெட்டியும் குழாயுமாக, உள்ளே பாய்லரில் மூன்று பார் அளவுக்கு அழுத்தம் ஏற்றும் ஸ்டீம் கிளீனர். சமையலறைப் புகைக்கூண்டு, பாத்ரூம் இடுக்கு என்று பல இடத்துக்கும் ஆகும், ஆனால் கனம் அதிகம். சூடு ஆறாமல் மூடியைத் திறக்கவே கூடாது. வெறும் தரைக்கென்றால் முதல் ரகமே என் தேர்வு. கழற்றக்கூடிய தொட்டி, ஆவிக்குத் தனி விசை, தண்ணீர் தீர்ந்தால் தானே அணைகிற வசதி, கூடுதல் துணிகள் தனியாகக் கிடைக்கிறதா என்பது, வேலூரிலோ பெங்களூரிலோ சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்பது. இவற்றைக் கேட்டுவிட்டு விலையைக் கேளுங்கள். ஆன்லைனில் மட்டும் இருக்கும் பெயர் தெரியாத சரக்குக்கு ஹீட்டர் போனால் மாற்ற ஆள் கிடைக்காது.

பெரிய பெயர் என்பதாலேயே கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. பிசெல் நிறுவனம் 2024 ஜூலையில் கையில் பிடித்து அடிக்கும் ஸ்டீம் கருவிகளை அமெரிக்காவில் மட்டும் சுமார் 32 லட்சம் திரும்பப் பெற்றது. சூடாகும்போதோ வேலை செய்யும்போதோ சுடுநீரும் ஆவியும் பயன்படுத்துகிறவர் மேல் பீறிட்டதுதான் காரணம். அவை தரை மாப் அல்ல. ஆனாலும் சூடான தண்ணீரை அடைத்து வைக்கிற எந்தப் பொருளிடமும் ஒரு மரியாதை இருக்க வேண்டும்.

ஆவி செய்யும், செய்யாது

விளம்பரத்தில் 99.9 சதவீதக் கிருமி சாகும் என்று போட்டிருக்கும். பரிசோதனையில் ஆவியை ஒரே இடத்தில் பல நொடிகள் நிறுத்திப் பார்த்துச் சொல்வது அது. நாம் துடைக்கும் வேகத்தில் ஓர் இடத்தின் மேல் மாப் ஒரு நொடி இருந்தாலே அதிகம். ஏலகிரி உயரத்தில் தண்ணீர் சுமார் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். துணியைத் தாண்டித் தரையைத் தொடும்போது சூடு இன்னும் இறங்கியிருக்கும். வீட்டில் வாந்தி பேதி என்று யாராவது படுத்திருந்தால் அந்த இடத்துக்கு ஆவியை நம்பாமல், கிருமிநாசினி போட்டே துடையுங்கள்.

அழுக்கில் ஆவி கெட்டிக்காரத்தனம் காட்டுவது பிசுக்கிடம். பிரியாணி தம் உடைத்த அடுப்படியில் தெறித்த நெய், பூஜை அறையில் விளக்கெண்ணெய் கசிந்த கறை, மாக்கோலம் காய்ந்து ஒட்டிய படி, பிள்ளைகள் சிந்திய ஜூஸ். இவை சூட்டில் இளகித் துணியில் ஏறிவிடும். மஞ்சள் கறை போகாது. உப்புத் தண்ணீர் விழுந்து விழுந்து டைல்ஸில் படிந்த வெள்ளைப் படலமும் போகாது. அதற்கு எலுமிச்சை உப்புக் கரைசல்தான் வழி, அதுவும் மார்பிளிலும் கடப்பாவிலும் படக் கூடாது. பெருக்காமல் ஆவி பிடித்தால் செம்மண் குழம்பாகி வரி வரியாக நிற்கும். விளக்குமாறுக்கு இந்த மெஷின் மாற்று இல்லை.

மலைக்கு இது தருகிற உண்மையான லாபம் நவம்பர், டிசம்பரில் தெரியும். பனி மூடிய நாட்களில் வாளித் தண்ணீரில் துடைத்த தரை வெகுநேரம் காயாது, ஈர வாடை அறைக்குள் தங்கும். ஸ்டீம் மாப் தரையில் விடுகிற ஈரம் மிகக் கொஞ்சம், அதுவும் சூடாக இருப்பதால் சீக்கிரம் பறந்துவிடும். துணி கனமாக நனைந்துவிட்டால் இந்த லாபம் போச்சு. இரண்டு அறைக்கு ஒரு துணி என்று மாற்றிக்கொண்டே போக வேண்டும். பெட்டியில் வருகிற ஒன்றிரண்டு துணி போதாது. துவைக்கும்போது துணிக்கு வாசனை கண்டிஷனர் போடாதீர்கள். மைக்ரோஃபைபரின் இழைகளில் அது மெழுகாகப் பூசிக்கொண்டு, உறிஞ்சும் சக்தியைக் கெடுத்துவிடும்.

தொட்டிக்குள் வாசனைத் திரவியம், பினாயில், லைசால், வேப்பெண்ணெய் எதையும் ஊற்றக் கூடாது. வேலை முடிந்ததும் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தொட்டியைத் திறந்து காயவைக்க வேண்டும். கையேடு அனுமதித்தால் மாதம் ஒரு முறை எலுமிச்சை உப்புக் கரைசலை ஓடவிட்டு, பிறகு இரண்டு தொட்டி நல்ல தண்ணீரை ஓட்டுங்கள். அந்த ஆவியை வாசலுக்கு வெளியே, சிமென்ட் படியிலோ வாளிக்கு மேலேயோ விடுங்கள்.

எல்லாம் படித்த பிறகு உங்கள் வீடு காவித் தரை, போர் தண்ணீர், ஆர்.ஓ. இல்லை என்றால் வாங்காதீர்கள். நல்ல தட்டை மாப், பிழியும் வாளி, நீளமான கைப்பிடி. இந்தச் செலவில் முதுகு நிமிர்ந்து துடைக்கலாம். குனிய வேண்டாம் என்பதுதானே முக்கியம்.

யார் கையில் கொடுக்கிறோம்

ஏலகிரி ஹோம்ஸ்டேக்களில் அறை துடைப்பவர்கள் பெரும்பாலும் மலை ஊர்களின் பெண்கள். மெஷினை வாங்குபவர் ஒருவர், பிடிப்பவர் இன்னொருவர். வெளிநாட்டுக் கையேடுகள் காலில் ஷூ போட்டவரை மனதில் வைத்து எழுதியவை. இங்கே வீட்டுக்குள் வெறுங்காலோடு துடைப்பார்கள். மாப்பின் தலையைத் தன் பக்கம் இழுக்கிற ஒவ்வொரு முறையும் ஆவி கால் விரல்களை நோக்கி வரும். துணியைக் கழற்றும்போது அது கை பொறுக்காத சூட்டில் இருக்கும். ஒருவரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு விட்டுவிடாமல், நிரப்புவது, ஆறவிடுவது, துணி கழற்றுவது, சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குவது என்று பக்கத்தில் நின்று செய்யவைத்துப் பார்க்க வேண்டும். தமிழில் நாலு வரி எழுதித் தொட்டியின் மேல் ஒட்டலாம்: எந்தத் தண்ணீர், எந்த அறைகளுக்கு வேண்டாம், எப்போது ஊற்றக் கூடாது, பழுதானால் யாரிடம் சொல்ல வேண்டும்.

வேலை லேசானது என்று சொல்லி ஒருவருக்கு அறைகளைக் கூட்டிக் கொடுக்கவும் வேண்டாம். மெஷின் மூன்று கிலோவோ நாலு கிலோவோ இருக்கும். மாடிப்படி ஏறி இறங்கி எட்டு அறை தள்ளினால் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். இரண்டு மாடி இருக்கிற இடத்தில் மாடிக்கு ஒரு மெஷின் வைக்க முடியாவிட்டால், மேல்மாடியைப் பழைய மாப்பிலேயே துடைக்கச் சொல்லுங்கள். கூடுதல் துணிகளுக்கு ஆர்டர் போடுகிற அன்றே, அவர் கால் அளவைக் கேட்டு, முன்பக்கம் மூடிய ரப்பர் செருப்பு ஒரு ஜோடியும் வாங்கிவிடுங்கள்.